தேசிக்காயும் இரத்தக் குழாயும்

பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கை என்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஏறிச்செல்லும் ஊர்களில் மிளகுக்கொடிக்கும் கராம்புக்கும் நடுவில், அல்லது லயத்துப் பின்புறக் காய்கறிப் பாத்தியின் ஓரத்தில், ஒரு தேசி மரம் நிற்பது வழக்கம். குமட்டலுக்குத் தேசிக்காய், வெயிலில் கொழுந்து பறித்துக் களைத்து வந்தால் உப்பும் சீனியும் போட்ட தேசித் தண்ணீர், மீன் வாடை போகத் தேசிப்புளி, புது வாகனத்தின் சில்லுக்கடியிலும் தேசிக்காய். இத்தனை நம்பிக்கை பெற்ற ஒன்றைப் பற்றிக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால், வாசிக்கும் முன்பே மனம் அதை நம்பத் தயாராகிவிடுகிறது. வெந்நீரில் தேசிக்காய்த் துண்டு போட்டுக் குடித்தால் புற்றுநோய்க் கலங்கள் சாகும், அது கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது, மருந்துக் கம்பனிகள் இதை மறைக்கின்றன என்று சொல்லும் செய்தி பல ஆண்டுகளாகப் பல மொழிகளில் சுற்றிவருகிறது. அதே திசையில் விஞ்ஞானச் சாயலோடு இன்னொரு பேச்சும் உண்டு: தேசி, தோடை இனப் பழங்களிலுள்ள இயற்கைச் சேர்வைகள் கட்டிக்குப் போகும் இரத்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கின்றன என்பது. இந்த இரண்டாவது பேச்சில் உண்மை கலந்திருக்கிறது. ஆகவே அதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. சான்றுகளை வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: இந்தப் பழங்கள் இரத்தக் குழாய்களுக்குச் செய்யும் நன்மை மெய்யானது, ஆனால் அது குழாயின் சுவரைக் காக்கும் நன்மை. புதுக் குழாய் முளைப்பதை நிறுத்தும் வேலையைப் பழச்சாறு நம் உடலுக்குள் செய்வதாகக் காட்டும் சான்று இல்லை. உண்மையில் செய்திருந்தால் நாம் அதைக் கண்டு பயப்பட வேண்டியிருந்திருக்கும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் கலங்கள் பெரும்பாலும் அடங்கிக் கிடப்பவை. காயம் ஆறும்போதும், மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர் புதிதாகும்போதும், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி உருவாகும்போதும் அவை பெருகத் தொடங்கி, இருக்கும் குழாயிலிருந்து கிளைவிட்டு நீள்கின்றன. ஒட்சிசன் ஒரு மயிர்க்குழாயிலிருந்து சுற்றியுள்ள சதைக்குள் ஊடுருவக்கூடிய தூரம் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர்தான்; அதற்கப்பால் இருக்கும் கலம் மூச்சுத் திணறும். ஆகவே எந்தக் கட்டியும் ஒன்றிரண்டு மில்லிமீற்றரைத் தாண்டிப் பெருக வேண்டுமானால் தன்னை நோக்கிப் புதுக் குழாய்களை இழுத்துக்கொண்டாக வேண்டும். அமெரிக்காவின் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஜூடா ஃபோக்மன் 1971இல் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்: குழாய் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம். அவருடைய சகாக்கள் பலர் நீண்ட காலம் அதை நம்பவில்லை. 1989இல் நப்போலியோன் ஃபெராராவும் அவருடைய குழுவும் வீ.ஈ.ஜீ.எஃப். என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். கட்டிகள் புதுக் குழாயை அழைக்கப் பயன்படுத்தும் முக்கியமான சைகை அது. அந்தச் சைகையைப் பிடித்துக் கட்டிப்போடும் பெவசிசுமாப் என்ற ஊசிமருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அந்த மருந்து எவ்வளவு செய்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தேசிக்காய்க் கதையை நிறுத்துப் பார்க்க முடியும். பெருங்குடல் புற்றுநோய் உடலில் பரவியிருந்தவர்களிடம் நடந்த பெரிய சோதனையில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், இந்த ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். ஒரே ஒரு சைகையைக் குறிபார்த்து, பல ஆண்டு உழைப்பில் செதுக்கிய மருந்து, நேரடியாக இரத்தத்தில் ஏற்றப்பட்டும், ஏறக்குறைய ஐந்து மாதத்தைத்தான் வாங்கித் தந்தது. அந்த ஐந்து மாதம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் விலை இருந்தது. இரத்த அழுத்தம் ஏறியது, சிலருக்குக் குடல் துளைத்தது, இரத்தம் கசிந்தது, காயம் ஆறத் தாமதமானது. சத்திரசிகிச்சை முடிந்து 28 நாளாவது கழிந்து, காயம் முழுதாக ஆறிய பின்பே இந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது. இங்கேயே ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. தேசிக்காய்ச் சாறு உண்மையிலேயே உடல் முழுவதும் குழாய் வளர்ச்சியை நிறுத்துமானால், நாள்தோறும் அதைக் குடிப்பவர்களுக்குக் கவ்வாத்துக் கத்தி வெட்டிய காயம் ஆறாது. கர்ப்பிணிகள் மசக்கைக்குத் தேசிக்காயை முகர்வதும் குடிப்பதும் பேராபத்தாக முடிந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்காததே பெரிய சான்று.

இதை நீரிழிவு நோயாளி ஒருவரை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவருடைய கண்ணின் விழித்திரையில் நலிந்த புதுக் குழாய்கள் தேவையில்லாமல் முளைத்து, கசிந்து, பார்வையைக் கெடுக்கின்றன. அதே ஆளின் பாதத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தால், அங்கே புதுக் குழாய் போதிய அளவு முளைக்காததே ஒரு காரணம். ஓர் உடலில், ஒரே நோயில், மேலே தடுக்க வேண்டும், கீழே வளர்க்க வேண்டும். கண் வைத்தியர்கள் வீ.ஈ.ஜீ.எஃப். சைகையைத் தடுக்கும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே, மிகச் சிறிய அளவில், ஊசியால் செலுத்துவதற்குக் காரணம் இதுதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவருக்கு எந்தக் கிளையை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதே தொழில். செடி முழுவதற்கும் ஒரே மருந்தைத் தெளித்து அந்த வேலையைச் செய்ய முடியாது. குழாய் வளர்ச்சியிலும் எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல், தடுக்கிறது என்று மட்டும் சொல்வது ஒன்றும் சொல்லாததற்குச் சமம்.

இனிப் பழத்துக்கு வருவோம். தேசி இனப் பழங்களுக்கும் இரத்தக் குழாய்க்குமான தொடர்பு புற்றுநோய் ஆராய்ச்சியோடு தொடங்கியதல்ல. அது கடலில் தொடங்கியது. 1747இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பலான சாலிஸ்பரியில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு பரிகாரம் கொடுத்தார். நாளுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சையும் பெற்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஸ்கர்வியில் முரசிலிருந்து இரத்தம் வடியும், தோலுக்கடியில் இரத்தப் புள்ளிகள் தோன்றும், பழைய வடுக்கள்கூட விண்டுபோகும். உயிர்ச்சத்து சீ இல்லாமல் உடல் உறுதியான கொலாஜனைக் கட்ட முடியாது. கொலாஜன் இல்லாமல் குழாயின் சுவர் தாங்காது. பெரும்பாலான விலங்குகள் இந்தச் சத்தைத் தாமே உற்பத்தி செய்துகொள்ள, மனிதர் அந்தத் திறனை இழந்தவர்கள். உயிர்ச்சத்து சீயைப் பிரித்தெடுத்த ஹங்கேரிய விஞ்ஞானி அல்பர்ட் சென்ட் ஜோர்ஜி 1936இல் இன்னோர் அவதானிப்பையும் வெளியிட்டார். மயிர்க்குழாய்கள் கசியும் சில நோயாளிகளுக்குத் தூய உயிர்ச்சத்து சீ உதவாத இடத்தில் எலுமிச்சையிலிருந்து எடுத்த கலவை உதவியது. அதிலிருந்த பிளவனொயிட் சேர்வைகளுக்கு உயிர்ச்சத்து பீ (P) என்று பெயரிட்டார்கள். அவை இல்லாமல் எந்தக் குறைபாட்டு நோயும் வராது என்று பின்னர் தெளிவானதால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆனாலும் குழாய்ச் சுவரின் மேல் அவற்றுக்கு ஒரு செல்வாக்கு உண்டு என்ற எண்ணம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

கைப்பேசிச் செய்திகள் எதுவும் சொல்லாத ஒரு பக்கம் இதில் இருக்கிறது. உயிர்ச்சத்து சீ குழாய்ச் சுவருக்கு அத்தியாவசியம் என்றால், புதுக் குழாய் கட்டுவதற்கும் அது அத்தியாவசியம்தானே? 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகக் கேட்டது. மனிதரைப்போல உயிர்ச்சத்து சீ உற்பத்தி செய்ய முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்குள் கட்டிக் கலங்களைப் புகுத்தினார்கள். அந்தச் சத்துக் கிடைக்காத எலிகளில் கட்டிக்குள் குழாய்கள் சரியாக உருவாகவில்லை. கட்டியும் மெதுவாகவே வளர்ந்தது. அதாவது தேசிக்காயிலுள்ள மிகப் பெயர்பெற்ற சத்து, குழாய் வளர்ச்சிக்குத் துணைநிற்பது. இதைப் படித்துவிட்டுப் புற்றுநோயாளிகள் பழத்தை ஒதுக்க வேண்டும் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. ஸ்கர்வி வருமளவுக்குச் சத்தை வற்றவைத்தால் கட்டியைவிட ஆள்தான் முதலில் நலிவார். நான் சுட்டிக்காட்ட விரும்புவது, ஒரே பழத்துக்குள் வளர்ச்சிக்கு உதவும் பொருளும் ஆய்வுகூடத்தில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை. பழத்துக்கு ஒரே குணத்தைக் கற்பிக்கும்போது இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது.

தடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் நாம் வீசும் பகுதியில் இருக்கின்றன. தோடம்பழத் தோலின் உட்புறத்து வெள்ளைப் பஞ்சில் ஹெஸ்பெரிடின் நிறைந்திருக்கிறது. 1828இலேயே லெப்ரெத்தோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்துவிட்டார். பம்பளிமாசு வகைகளின் கசப்பு நரிஞ்சினிலிருந்து வருகிறது. மண்டரின் தோடை வகைகளின் வெளித்தோலில் நொபிலெட்டின், டஞ்சரெட்டின் ஆகியவை உண்டு. இவற்றைச் சோதிக்க மூன்று வழி பெரிதும் பயன்படுகிறது. குழந்தை பிறந்தபின் வீசப்படும் தொப்புள்கொடியின் நாளத்திலிருந்து கலங்களை எடுத்து வளர்த்து, அவை குழாய் வடிவில் இணைகின்றனவா என்று பார்ப்பது ஒன்று. அடைகாத்த கோழி முட்டைக்குள் கருவைச் சுற்றியுள்ள சவ்வில் குழாய் கிளைப்பதைப் பார்ப்பது இன்னொன்று. கண்ணாடிபோல ஊடுதெரியும் வரிக்குதிரை மீன் குஞ்சில் குழாய் முளைப்பதை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பது மூன்றாவது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நொபிலெட்டின் முதலிரண்டு சோதனையிலும் குழாய் வளர்ச்சியைக் குறைப்பதைக் காட்டினார்கள். மக்காவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே குடும்பச் சேர்வைகளை மீன் குஞ்சுகளில் சோதித்து, மூலக்கூறின் எந்த மூலையில் எது ஒட்டியிருந்தால் தடுப்பு வலுக்கிறது என்பது வரை போனார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இந்தியரான பீமனகௌடா பட்டீலின் குழு, சிவப்புச் சதைத் தோடம்பழத்தின் வாசனை எண்ணெய் குழாய் வளர்ச்சியைக் குறைப்பதாக 2012இல் எழுதியது. இவற்றைச் செய்தவர்கள் கவனமான விஞ்ஞானிகள்; அவர்களின் முடிவுகளில் எனக்கு ஐயமில்லை. ஐயம் அந்த முடிவுகளைச் சமையலறைக்கு இழுத்துவரும் வேகத்தின்மேல்தான்.

ஏனென்றால் தட்டில் ஊற்றுவதும் வாயில் ஊற்றுவதும் ஒன்றல்ல. ஆய்வுகூடத்தில் கலங்களின்மேல் ஊற்றப்படும் அளவு பொதுவாக லீற்றருக்கு 10 முதல் 100 மைக்ரோமோல். பிரான்சில் 2003இல் வெளியான ஆய்வொன்றில் ஆரோக்கியமானவர்கள் அரை லீற்றர் தோடம்பழச் சாறு குடித்தார்கள். ஹெஸ்பெரிடினின் வழித்தோன்றலான ஹெஸ்பெரெட்டின் அவர்களின் இரத்தத்தில் எட்டிய உச்சம் 0.5 மைக்ரோமோலுக்கும் குறைவு. ஒரு லீற்றர் முழுவதையும் குடித்தபோதும் 1.3ஐத் தாண்டவில்லை. அந்த உச்சம் வர 5 முதல் 7 மணித்தியாலம் பிடித்தது, ஏனென்றால் பெருங்குடலில் வாழும் பக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரைப் பகுதியை வெட்டிய பிறகே அது உள்ளே போக முடியும். போனதும் குடலும் ஈரலும் அதன்மேல் வேறு மூலக்கூறுகளை ஒட்டி வெளியே அனுப்பத் தயாராக்குகின்றன. ஒரு நாளுக்குள் இரத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நாள்தோறும் குடித்தால் சேர்ந்து சேர்ந்து பெருகும் என்ற வாதம் இதனால் நிற்பதில்லை. நொபிலெட்டின் கொழுப்பில் கரையும் தன்மை கொண்டது, ஹெஸ்பெரிடினைவிட எளிதாக உறிஞ்சப்படும் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அது மண்டரின், தோடைத் தோலில் இருப்பது. வெந்நீரில் மிதக்கும் நம் தேசிக்காய்த் துண்டுக்கு அந்தப் பெருமை சேராது.

வாயால் கொடுத்துப் பலன் கண்ட ஒரு பொருளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தோலிலுள்ள பெக்டின் நாரை இரசாயன முறையில் சிறு துண்டுகளாக்கினால், அது கட்டிக் கலங்களின்மேலுள்ள கலெக்டின் 3 என்ற புரதத்தோடு ஒட்டுகிறது. டெட்ரொய்ட் நகரில் அவ்ராம் ராஸின் குழு 2002இல் இந்தப் பெக்டினை எலிகளின் குடிநீரில் கலந்து கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சியும் அதன் குழாய்களும் பரவலும் குறைந்தன. இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்த்த முடிவு இதுதான். அடுத்த ஆண்டு புரொஸ்டேட் புற்றுநோயுள்ள ஆண்களிடம் வெளியான சிறிய ஆய்வில், கணக்கிடக்கூடிய 10 பேரில் 7 பேருக்கு நோயைக் காட்டும் இரத்தக் குறிகாட்டியின் அளவு இரட்டிப்பாகும் வேகம் தணிந்தது. பத்துப் பேர், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு எதுவும் இல்லை. மேலும் ஆராய இது போதும், சிகிச்சை என்று அழைக்கப் போதாது. சந்தையில் விற்கும் சாதாரணப் பெக்டினோ, ஜாம் காய்ச்சும்போது திரளும் பெக்டினோ அந்தத் துண்டாக்கப்பட்ட பொருள் அல்ல.

மருந்துக் கம்பனிகள் மலிவான பழத்தை மறைக்கின்றன என்ற குற்றச்சாட்டுக்கு மருந்துக்கடை அலுமாரியே பதில் வைத்திருக்கிறது. மூல வியாதிக்கும் கால் நாளப் புடைப்புக்கும் வைத்தியர்கள் எழுதும் டஃப்லொன் குளிசையில் இருப்பது 450 மில்லிகிராம் டயொஸ்மின், 50 மில்லிகிராம் ஹெஸ்பெரிடினாகக் கணக்கிடப்படும் பிளவனொயிட்கள். டயொஸ்மினையே தோடையிலிருந்து எடுக்கும் ஹெஸ்பெரிடினிலிருந்துதான் தயாரிக்கிறார்கள். பழத்தில் பயனுள்ள ஒன்று கிடைத்தபோது கம்பனி அதை மறைக்கவில்லை, பெட்டியிலடைத்து உலகெங்கும் விற்றது. முன்னோர் அனுபவம் பொய்யாகுமா என்று கேட்பவர்களையும் நான் மதிக்கிறேன். குமட்டல் அடங்கியதையும் முரசு தேறியதையும் பாட்டிமார் கண்ணால் கண்டார்கள், அந்த அறிவு உறுதியானது. கட்டிக்குள் 0.1 மில்லிமீற்றர் தூரத்தில் நடப்பதை எந்தப் பாட்டியும் கண்டதில்லை. அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

குடித்துப் பார்ப்பதில் என்ன நட்டம் என்பதுதான் மிகவும் கடினமான கேள்வி, ஏனென்றால் அது துன்பத்திலிருந்து வருகிறது. ஒரு கோப்பை தேசித் தண்ணீரால் நட்டம் ஏதுமில்லை. நட்டம் காத்திருப்பதில் இருக்கிறது. மலைத்தோட்டத்திலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவது நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும் பயணம். மார்பில் தட்டுப்பட்ட கட்டியோடு அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட ஒரு காரணம் தேடும் பெண்ணுக்கு, வெந்நீரும் தேசிக்காயும் போதும் என்ற செய்தி அந்தக் காரணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆரம்பத்தில் வெட்டியெடுக்கக்கூடிய கட்டி, சில மாதத்தில் அப்படி இல்லாமல் போகலாம். இன்னொரு நட்டம் செறிவாக்கிய சாற்றுக் குளிசைகளில் இருக்கிறது. பழம் எட்டாத அளவை எட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. அப்படி எட்டிவிட்டால் ஆறாத காயம், கர்ப்பம் என்ற கேள்விகள் உடனே எழும். 1950களின் இறுதியில் மசக்கைக்குக் கொடுத்த தலிடோமைட் மருந்தால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தார்கள். அந்த மருந்து குழாய் வளர்ச்சியைத் தடுப்பது என்பதை ஃபோக்மனின் ஆய்வுகூடம் 1994இல்தான் காட்டியது. அது செயற்கை மருந்து, இது இயற்கை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கருவில் முளைக்கும் குழாய்க்கு, தன்னைத் தடுத்த பொருள் மரத்தில் காய்த்ததா தொழிற்சாலையில் செய்ததா என்ற பேதம் கிடையாது.

பழத்தைப் பழமாகவே உண்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 50க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதுள்ள, எடை சற்று மிகுந்த 24 ஆண்கள் நாளுக்கு அரை லீற்றர் தோடம்பழச் சாறோ, அதற்கீடான 292 மில்லிகிராம் ஹெஸ்பெரிடினோ நான்கு வாரம் எடுத்தபோது, இரத்த அழுத்தத்தின் கீழ் எண் இறங்கியது. அதே ஆண்டு இத்தாலிய ஆய்வொன்றில் நாளுக்கு 500 மில்லிகிராம் ஹெஸ்பெரிடின் மூன்று வாரம் எடுத்தவர்களின் நாடிகள் இன்னும் நன்றாக விரிந்து கொடுத்தன. இரண்டும் சிறிய ஆய்வுகள். ஆனால் இரத்தத்தில் உண்மையில் கிடைக்கும் அளவிலேயே பலன் தெரிந்தது என்பதால் எனக்கு இவை கோழி முட்டைச் சோதனைகளைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. சாறாகப் பிழியாமல் சுளையாக, வெள்ளைப் பஞ்சை முழுதாக உரிக்காமல் உண்பது மேல். சாற்றில் நார் போய்ச் சீனி மட்டும் விரைந்து ஏறும். தோலை உண்ணும் பழக்கம் நமக்கும் புதிதல்ல, சீனர்கள் மண்டரின் தோலைக் காயவைத்துச் சமைப்பதுபோல நாம் தேசிக்காயைத் தோலோடு ஊறுகாயாக்குகிறோம். ஆனால் அதிலுள்ள உப்பு, தோல் காக்க வந்த குழாயையே இறுக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிற்க வேண்டும்.

கடைசியாக ஜம்போலா. பம்பளிமாசு என்று தமிழ்நாட்டார் சொல்லும் இந்தப் பழத்திலும் அதன் உறவான கிரேப்புரூட்டிலும் ஃபியூரனோகூமரின் என்ற சேர்வைகள் உண்டு. 1989இல் கனடாவின் டேவிட் பெய்லி, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புரூட் சாற்றைக் கலந்துகொடுத்த ஒரு சோதனையில் ஃபெலோடிபின் என்ற அழுத்த மருந்து இரத்தத்தில் எதிர்பாராத அளவு ஏறியதைக் கண்டார். மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை இந்தச் சேர்வைகள் முடக்கிவிடுகின்றன. நிஃபெடிபின், சிம்வஸ்டட்டின், அட்டோர்வஸ்டட்டின், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் உட்கொள்ளும் சைக்ளொஸ்போரின், டக்ரோலிமஸ் ஆகியவை வெவ்வேறு அளவில் இதில் அகப்படும். கட்டியின் குழாய்களைத் தடுக்கவென்றே கொடுக்கப்படும் சுனிட்டினிப், பசோப்பனிப் குளிசைகளோடும் கிரேப்புரூட் வேண்டாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்: உதவும் என்று எண்ணிக் குடித்த சாறு, உண்மையான மருந்தை நஞ்சின் அளவுக்கு உயர்த்திவிடக்கூடும். கறிக்குப் பிழியும் தேசிப்புளியில் இந்தக் கவலை பொதுவாக இல்லை. ஜம்போலா உண்பவர்கள் கிளினிக் கொப்பியைக் காட்டி, தம் குளிசைகளில் எது இதில் அடங்கும் என்று வைத்தியரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் பழம், இரவில் குளிசை என்று இடைவெளி விடுவதும் உதவாது, ஏனென்றால் முடங்கிய நொதிக்குப் பதிலாகக் குடல் புதியதை உற்பத்தி செய்ய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.